அண்ணாவின் கொலு ரயில்

போன வருஷம் நவராத்திரிக்கு முந்தின நாள் மத்தியானம், திருவனந்தபுரம் கரமனையில் இருக்கும் என் பிறந்த வீட்டில் நடந்தது இது. அக்ரஹாரத்து வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர், மேலே மர மச்சு.

எங்கள் வீட்டுக் கொலு என்றால் தெருவுக்கே ரயில்தான் ஞாபகம் வரும். படிக்குக் கீழே மணல் பரப்பி, கடுகு முளைக்க வைத்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, அதைச் சுற்றி என் அண்ணா ரயில் விடுவான். சாதாரண செல் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று, போனுக்குப் போடுகிற லித்தியம் பேட்டரியை எஞ்சினுக்குள் அவனே பொருத்தி, சார்ஜ் போட ஒரு துளையும் வைத்தான். விசில் மட்டும் வேலை செய்யாது. அதனாலென்ன, ஐம்பது வயசு மனிதன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து 'கூ' என்று கத்துவான். வந்தவர்கள் சுண்டலை மறந்து நிற்பார்கள்.

அண்ணா காலமான பிறகு அவன் மனைவி, என் மன்னி, கொலுப் பக்கமே வரவில்லை. நவராத்திரி முழுக்க அடுக்களையே கதி. கிழக்கேகோட்டையில் இருக்கும் என் வீட்டிலிருந்து நான் வந்துதான் கொலு வைப்பேன், முடிந்ததும் நானே பெட்டி கட்டி மச்சில் ஏற்றுவேன். ரயிலை அம்மாவின் பட்டுப்புடவையில் சுற்றிப் பொம்மைகளுக்கு நடுவில் வைப்பேன். ஒருமுறை, பேட்டரியைக் கழற்றலாமே என்று என் கணவர் ஸ்குரூ டிரைவரோடு வந்தார். "அண்ணா கைப்பட முறுக்கின ஸ்குரூ, யாரும் தொடப்படாது!" என்று நான் போட்ட சத்தத்தில் மனிதர் வந்த வழியே திரும்பிவிட்டார்.

அன்றைக்குப் பெட்டியைத் திறந்தபோது எஞ்சினின் வயிறு லேசாக உப்பியிருந்தது. மச்சுச் சூட்டில் பிளாஸ்டிக் நெளிந்திருக்கும் என்று நினைத்து, கொலுப்படியிலேயே வைத்து சார்ஜ் போட்டுவிட்டுப் பொம்மைகளைத் துடைக்க உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மன்னி எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, நகப் பாலிஷ் மாதிரி மணக்கறது?" எஞ்சின் முன்னைவிட அதிகமாக உப்பியிருந்தது. நான் எடுக்கப் போனேன். "தொடாதே, கேட்டியா!" என்று கத்திக்கொண்டே ஸ்விட்சை அணைத்து, இடுக்கியால் பிடித்து இரும்புச் சட்டியில் போட்டு, கொல்லைப்புறத்து மணலில் கொண்டு வைத்தாள். நாங்கள் விலகி வந்து நின்றதுதான் தாமதம், 'புஸ்' என்று புகை, பின்னாலேயே தீ. மச்சையும், அம்மாவின் பொம்மைகளையும், சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த பக்கத்து வீட்டு மாமியையும் நினைத்ததும் மன்னியின் கையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குள்ளேயே புகை வந்திருந்தால் அதைத் தூக்கப் போகாமல் வெளியே ஓடியிருக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

ரயில் உருகிக் கட்டியாகிப் போனது. எனக்கு அழுகை தாங்கவில்லை. "அண்ணா வெச்சதை அப்படியேதானே மன்னி காப்பாத்தினேன்!"

"அவர் ஒரு வருஷம்கூட பேட்டரியோட கட்டி வெச்சதில்லையே," என்றாள் மன்னி. "கழட்டி, முனையில டேப் ஒட்டி, பரணி ஜாடியில தனியாப் போட்டு வெப்பார். நடுநடுவுல எடுத்துப் பாதி சார்ஜ் ஏத்துவார். உப்பினா குப்பையில போடாம, அதுக்குண்டான இடத்தில கொண்டு குடுத்துட்டு வேற போடுவார். இது அவர் கடைசியா மாத்தினதாக்கும்."

"ஏன் மன்னி சொல்லலை?"

"நீ கட்டறச்சே நான் எங்கே இருந்தேன்?" என்று சொன்னவளும் அழுதுவிட்டாள்.

இந்த வருஷம் புது ரயில் வாங்கினோம். மன்னி சுண்டலை என் தலையில் கட்டிவிட்டுக் கண்ணாடிக் குளத்துக்கு அருகில் போய் உட்கார்ந்துகொண்டாள். ரயில் கிளம்பியதும் கூச்சப்பட்டுக்கொண்டே 'கூ' என்றாள். நான் அடுக்களையில் கரண்டியோடு நின்றுவிட்டேன்.

விஜயதசமிக்கு மறுநாள் இருவரும் பேட்டரியைக் கழற்றி, டேப் ஒட்டி, அண்ணாவின் பரணியில் போட்டோம். எதையும் தொடாமல் பொத்திப் பொத்தி வைத்த வருஷங்களில் இல்லாத நெருக்கத்தில், புது ரயிலின் ஸ்குரூவைத் திருகிய ஒரு நிமிஷம் அண்ணா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.