தச்சர் பேசாத மூன்று அத்தியாயங்கள்

மேட்டுப்பாளையத்தில் பிறந்த எங்கள் அக்கா வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கடலைப் பார்த்தார்; அதுவும் ராமேஸ்வரத்தில், அப்பாவுக்குத் திதி கொடுக்கப் போனபோது. "இவ்வளவுதானா?" என்றார். அதைவிடப் பெரிய கடலை அவர் புத்தகத்தில் ஏற்கெனவே பார்த்திருந்தார்.

மாமா திடீரென்று மறைந்தபோது அக்காவுக்கு முப்பத்தி நாலு வயது. கோவை கணபதியில் இருந்த அவருடைய லேத் பட்டறையை விற்றுவிடச் சொல்லாத உறவினர் இல்லை. இந்த நினைவஞ்சலியைப் படிக்கும் சிலரும் அவர்களில் உண்டு, நானும் உண்டு. அக்கா விற்கவில்லை. பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடையக் கற்றுக்கொண்டார். மதியம் மெஷின்கள் நின்றதும் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தைப் பிரிப்பார். பாய்மரக் கப்பல் காலத்துக் கடற்போர்க் கதை, ஆங்கிலம், இருபத்தொரு பாகங்கள். உக்கடத்துப் பழைய புத்தகக் கடை பாய் கிடைக்கக் கிடைக்க எடுத்து வைத்துக் கொடுப்பார். ஏழாம் பாகம் வராமல் எட்டைத் தொடமாட்டேன் என்று அக்கா இரண்டு வருடம் காத்திருந்தது எங்கள் வீட்டில் பிரசித்தம்.

எல்லோரும் கேப்டனை ரசிப்பார்கள். அக்காவுக்குப் பிடித்தவர் கப்பலின் தச்சர். "குண்டு பட்டு ஓட்டை உழுந்தா கேப்டன் கத்துவாரு. அடைக்கறது யாருங்க?" என்று பட்டறை ஆட்களைக் கேட்பார்.

பதினெட்டாம் பாகம் வந்தபோது அக்கா நோயில் விழுந்திருந்தார். கண் சோர்ந்துவிட்டதால், ஆஸ்பத்திரியில் மருந்து ஏறும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் மனதுக்குள் படித்துத் தமிழில் சொல்வேன்.

ஒரு நாள் டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டு, மருந்து இனி வேலை செய்யாது, வாரக்கணக்குதான் என்றார். நான் தைரியமாகத் தலையாட்டினேன். வெளியே வந்து, அக்காவுக்கு வாங்கிய இளநீரை நானே குடித்தேன். யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டேன். "நல்ல முன்னேற்றம்னு சொன்னாருங்கக்கா" என்று புளுகிவிட்டு, பேச்சை மாற்றப் புத்தகத்தைத் திறந்தால், அடுத்த பக்கத்தில் தச்சர் குண்டடி பட்டுச் சாகிறார்!

மூன்று பக்கங்களைத் தாண்டினேன்.

மூன்று அத்தியாயம் போனதும், "ஏந்தம்பி, தச்சர் பேச்சையே காணமே?" என்றார் அக்கா.

"தொண்டக் கட்டுங்கக்கா. உப்புக் காத்தில்லீங்களா!"

மறுநாளிலிருந்து தச்சரைப் பேச வைத்தேன். கப்பல் வேலை எனக்கு என்ன தெரியும்? கேப்டன் எதைச் சொன்னாலும் "ஆமாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

"கண்ணு, ரெண்டு நாளா இந்த மனுசன் சுத்தியலையே தொடல. வெறுமனே ஆமாங்க போடறாரு. செத்துட்டாரா?"

நான் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"நீயும் எங்கிட்ட அப்படித்தான் ஆமாங்க போட்டுட்டிருக்கற. எத்தன நாளுன்னாரு டாக்டரு?"

சொன்னேன். அழுததும் நான்தான். அக்கா திட்டினார்.

"இத அன்னைக்கே சொல்லிருந்தீன்னா மூணு நாளு மிச்சமாயிருக்குமில்ல? பட்டறைல சொல்லிப்போட்டுப் போக வேண்டியது எத்தன கெடக்குது! போயி ஆட்டோவக் கூட்டியா."

ஒரு வாரம் பட்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெரிய லேத் எப்போதெல்லாம் மக்கர் செய்யும் என்று, இனிப் பட்டறையைப் பார்க்கப்போகும் தன் மகளிடம் சொன்னார். ஆட்கள் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினார். சாவியை மகள் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, "இப்ப அந்த மூணு பக்கத்தப் படி. ஒரு வரி விடப்படாது" என்றார்.

படித்தேன். தச்சரைக் கித்தான் துணியில் சுற்றிக் கடலில் இறக்கினார்கள். அவர் அடைத்த பலகைகள் தாங்கி நின்றதால் கப்பல் கரை சேர்ந்தது.

"கப்பல் முழுகலயில்ல? அப்பறமென்ன" என்றார் அக்கா.

அக்கா போய் இன்றோடு ஒரு வருடம். அக்காவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மணிக்கும், மீதி மூன்று பாகங்களையும் தேடிப் பிடித்து எழவு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த பாய்க்கும், ஒரு நாளும் மெஷினை நிறுத்தாத பட்டறை ஆட்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தச் செருப்புக்குச் சொந்தக்காரர் இதைப் படித்தால் என்னை மன்னிக்கவும்.

கடைசியில் 'புன்னகையுடன் விடைபெற்றார்' என்று எழுதச் சொல்கிறார்கள் பெரியவர்கள். அக்கா கடைசியாகச் சொன்னது, "தம்பி, காப்பில சக்கரை பத்தல." ஒரு வரியும் விடக்கூடாது என்பது அவர் உத்தரவு.