அட்டை பார்த்துப் பின்னிய ஜடை

எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் அட்டை உண்டு. கூட்டலுக்கு அட்டை, பாட்டுக்கு அட்டை, படம் பார்த்துக் கதை சொல்ல அட்டை. பாயில் வட்டமாக உட்கார்ந்து, தட்டிலிருந்து அவரவர் அட்டையை எடுத்து, அதை முடித்தால்தான் அடுத்தது. சுவரின் கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்பு பெயின்ட் அடித்து, ஆளுக்கொரு கட்டம் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ஊரில் இருந்தவர்களெல்லாம் நிலத்தைக் கம்பெனிகளுக்கு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், எனக்கென்று சொந்தமாக இருந்த இடம் அந்தக் கட்டம்தான்.

கடைசிக் கட்டம் மட்டும் பொது. அதில் எல்லார் பெயரும் இருக்கும். பெயருக்கு நேராகப் பல், நகம், சட்டை, தலை என்று நான்கு இடங்கள். திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் வகுப்பு லீடர் மோனிஷா சாக்பீஸோடு வந்து, எங்களை ஒவ்வொருவராகத் திருப்பிப் பார்த்து, டிக்கோ பெருக்கல் குறியோ போடுவாள். அடுத்த திங்கள் வரை அது சுவரில் நிற்கும். எனக்குப் பல்லில் டிக், நகத்தில் டிக், சட்டையில் டிக். தலையில் மட்டும் ஒரு வாரம் டிக் வந்தால் மறுவாரம் பெருக்கல் குறி.

காரணம் அம்மாவின் ஷிப்ட். நான் நாலாவது போனபோது அம்மா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தாள். செகண்ட் ஷிப்ட் வாரத்தில் காலையில் வீட்டில் இருப்பாள். எனக்கு இரட்டை ஜடை, ரிப்பன் எல்லாம் உண்டு. ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்தில் விடியுமுன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். தூக்கத்திலேயே உட்காரவைத்துப் பின்னிவிட்டுப் போவாள். நான் மறுபடி படுத்து உருண்டு எழுந்தால் அது ஜடையா குருவிக்கூடா என்று யாராலும் சொல்ல முடியாது.

பக்கத்து வீடுதான் பெரியம்மா வீடு. அங்கே போய்த் தலையைக் கொடுத்திருக்கலாம். ஆனால் சீப்பைக் கையில் எடுத்ததும் பெரியம்மா, "பாவம், தாயில்லாப் புள்ள மாதிரி" என்று ஆரம்பித்துவிடுவாள். ஒரு முறை கேட்டேன். அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவில்லை. எனக்கு அந்த வயதிலேயே வீம்பு அதிகம்.

பெரியப்பா பள்ளிக்கூடக் கமிட்டியில் இருந்தார். கூட்டம் போடும்போதெல்லாம் வருவார், சத்துணவு முட்டை பெரிதா சிறிதா என்று பார்ப்பார், போய்விடுவார். எங்கள் கெட்ட நேரம், ஒரு தடவை சுவரையும் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார்.

"ஸ்கூல் செவுத்துல புள்ள பேருக்கு நேரா பெருக்கல் குறி போட்டு வெச்சிகீறாங்க. ஊரே பாக்குது. தலை வாரி வுட முடியாதவளுக்கு இன்னாத்துக்கு கம்பெனி?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "சரியாயிடும்ணா" என்றார்.

"அடுத்த கூட்டத்துக்கு நான் வர்றப்பவும் அப்பிடியே கீதுன்னா, வேலைய வுட சொல்லு."

அம்மா கம்பெனி ஐடி கார்டைக் கழுத்திலிருந்து கழற்றாமலே அன்று பாத்திரம் கழுவினாள். வேலைக்குப் போன பிறகுதான் அம்மா சத்தமாகச் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதை ஒரு சாக்பீஸ் குறியால் நிறுத்திவிட முடியும் என்றால், அந்தக் குறியை வரவிடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

வீட்டில் மீதியிருந்தது அப்பா. காருக்குள் ஓடும் ஒயர்களைச் சேர்த்துக் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. நாளெல்லாம் ஒயர் கட்டுகிறவருக்கு ஒரு சிறுமியின் தலைமுடி எம்மாத்திரம் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

"ஆடாத. ஒயரு கட்டற போர்டு ஆடுமா?" என்று அதட்டிக்கொண்டே அடுத்த ஃபர்ஸ்ட் ஷிப்ட் திங்களன்று கலைந்த ஜடையை அவிழ்த்து முடியை இரண்டாகப் பிரித்தார். பின்னவெல்லாம் இல்லை. உச்சியிலிருந்து நுனிவரை கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டார். மோனிஷா என்னை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"இன்னாடி இது, ஒயரா?"

பெருக்கல் குறி. சத்துணவு ஆயாவிடம் எண்ணெய் வாங்கித் தடவி, டீச்சர் பொறுமையாக டேப்பை உரித்தெடுத்தார்.

அம்மாவின் அடுத்த ஃபர்ஸ்ட் ஷிப்ட் வந்தபோது, ஒயர்க் கட்டை இறுக்கும் பிளாஸ்டிக் டையைப் போட்டு, "இது அவுரவே அவுராது" என்றார் அப்பா. உண்மைதான், அவிழவே இல்லை. சாயங்காலம் கத்தரிக்கோலால் வெட்டியபோது முடியும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. அன்றைக்கும் பெருக்கல் குறிதான். பின்னலே போடவில்லை, ரிப்பனும் இல்லை என்று சொல்லிவிட்டாள் மோனிஷா. அப்பாவுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. பாய் கட்டிங் அடித்துவிடலாமா என்று மெல்லக் கேட்டார். நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

அடுத்த ஃபர்ஸ்ட் ஷிப்ட் தொடங்கும் திங்களன்றுதான் கூட்டம். குறி போடுகிறவளிடமே கேட்டுவிடுவது என்று வீம்பை விழுங்கிக்கொண்டு மோனிஷாவிடம் போனேன். அவள் என் கட்டத்தில், என் கறுப்புச் சுவரில், மூன்று கோடு போட்டுக் காட்டினாள்.

"சைடுல கீறது நடுவுல வரணும். அப்பறம் அந்த சைடு. அவ்ளோதான்."

எனக்குப் புரிந்தது. ஆனால் என் கை என் பிடரிக்கு எட்டி ஒழுங்காக வேலை செய்யவில்லை. பின்ன வேண்டியது அப்பாதான். அப்பாவுக்கு எப்படிச் சொல்லித் தருவது? எனக்குத் தெரிந்த ஒரே வழி அட்டை. பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து, சிவப்பு, பச்சை, நீலக் கோடுகள் போட்டு, வரிசை எண் எழுதினேன்.

அது அம்மாவுக்கு செகண்ட் ஷிப்ட் வாரம். சாயங்காலம் வீட்டில் நாங்கள் இருவர்தான். ஜன்னல் கம்பியில் மூன்று கயிறுகளைக் கட்டி அப்பாவை உட்காரவைத்தேன். ஓர் அட்டையை முடித்தால்தான் அடுத்தது. அப்பா முதல் அட்டையிலேயே நாள் கணக்கில் நின்றார்.

"தப்புப்பா. மொதல்லேந்து போடு."

"ரீவொர்க்கா?" என்று பெருமூச்சு விட்டு அவிழ்ப்பார். ஆனால் எழுந்து போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் கடைசி அட்டையையும் முடித்துவிட்டார்.

திங்கட்கிழமை அம்மா போனதும் அட்டைகளைக் கண்ணாடிக்கு மேலே ஒட்டினேன். ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கம் பாதியில் அப்பாவின் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. அப்பா ஜன்னலைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

"போவட்டும்" என்றார். மறுபடி ஒரு தடவை ஹாரன் கேட்டது, பிறகு கேட்கவில்லை. ரிப்பனைப் பூப்போலக் கட்ட அவருக்கு வரவில்லை, முடிச்சுதான் போட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டதால் அது ரொம்ப நல்ல முடிச்சாக இருந்தது.

மோனிஷா என்னைத் திருப்பினாள். ஜடையை ஓர் இழு இழுத்துப் பார்த்தாள். டிக் போட்டாள். நான்கு டிக்கும் ஒரே வரிசையில் நின்றதைப் பார்த்தபோது எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

மத்தியானம் பெரியப்பா வந்தார். சுவரைப் பார்த்தார், என் தலையையும் பார்த்தார்.

"யாரு பின்னி வுட்டது?"

"அப்பா."

"ஒங்கப்பனா?"

முடிச்சை உற்றுப் பார்த்தார். பிறகு முட்டையைப் பார்க்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மாவின் வேலையைப் பற்றி எங்கள் வீட்டில் அவர் வாய் திறக்கவில்லை.

அம்மா வரும்போது நான் தெருமுனையிலேயே நின்றேன். வீடு வரைக்கும் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சிரித்தாள். கண்ணாடிக்கு மேலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "கெட்டிக்காரிதான். நான் இல்லாமலே ஆயிடுச்சி பாரு" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து, என்னை இழுத்து முன்னால் உட்காரவைத்து, அப்பா போட்ட முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்க்கத் தொடங்கினாள்.

"டிக் வாங்கின ஜடைம்மா, அவுக்காத" என்று கத்தினேன். அவள் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் அவிழ்த்து, எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, முதலிலிருந்து பின்னினாள். மூக்கை உறிஞ்சுவது பின்னால் கேட்டது. ஜெயித்த பிறகு யாராவது அழுவார்களா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பள்ளிக்கூடம் விட்டுவிட்டது, விளையாடிவிட்டுத் தூங்க வேண்டியதுதான், இனி யாரும் வந்து டிக் போடப்போவதில்லை. அப்படிப்பட்ட ஒரு ஜடையை எதற்கு இவ்வளவு இறுக்கிப் பின்னுகிறாள் என்று புரியாமல், வலிக்கிறது என்று மட்டும் சொன்னேன்.