அந்தோணிக்கு மட்டும் வந்த வாசனை

குன்னூரில் எத்தனை பட்டறை இருக்கிறதோ அத்தனையின் வாசலிலும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும், என் பட்டறை வாசலில் மட்டும் தொங்காது, வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளுங்கள். அமாவாசைக்குப் பூசணி உடைக்கிற பழக்கமும் எனக்குக் கிடையாது. வண்டி நிற்பது பிரேக்கால், பூசணியால் இல்லை என்று கட்டிய மனைவியிடமே சொன்னவன் நான். அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன், லாரிக்கடியில் மல்லாக்கப் படுத்தே தொழில் கற்றவன், இன்றைக்கு இந்த மலையில் ஏறி இறங்குகிற லாரியோ பஸ்ஸோ எஸ்டேட் டிராக்டரோ, பிரேக் லைனிங் மாற்ற வேண்டுமென்றால் என்னிடம்தான் வரும். ஊட்டியிலிருந்து இறங்கி வந்து நிற்கிற வண்டியின் பிரேக் டிரம்மை நான் தொடக்கூட மாட்டேன், புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே போதும், டிரைவர் எந்த கியரில் இறக்கினான், எந்த வளைவிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான் என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான். ஆனால் நான் சொல்லப்போகிற விஷயத்துக்கு இந்தப் புறங்கை ஒன்றுதான் சாட்சி, அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

போன ஐப்பசியில் நடந்தது. நாங்கள் மூன்று பேர், மூன்று பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. வெள்ளிங்கிரி குந்தா பவர் ஹவுஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன், சர்க்கரை வியாதி, தினம் காலையில் ஊசி போட்டுக்கொள்கிறவன். அந்தோணி தேயிலை பேக்டரியில் டீ மேக்கர். டீ மேக்கர் என்றால் டீ போட்டுக் கொடுக்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள், பச்சை இலை உள்ளே வந்து தூளாக வெளியே போகிறவரை முழுப் பொறுப்பும் அவனுடையது. உருட்டிய இலையைத் தரையில் பரப்பி வைப்பார்கள், அது பச்சை வாடை போய்ப் பழுத்த பழம் மாதிரி மணம் ஏறும், அந்த மணம் உச்சிக்கு வருகிற நிமிஷத்தில் ட்ரையரில் போட்டுவிட வேண்டும், தாண்டினால் புளித்துப்போகும். அந்த நிமிஷத்தை அந்தோணி கடிகாரம் பார்க்காமல் மூக்கால் சொல்வான். அவன் மூக்கும் என் புறங்கையும் ஒரே ஜாதி என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு.

அந்த மூக்கு கொரோனாவில் போயிற்று. எல்லோருக்கும் போய்த் திரும்பி வந்தது, அவனுக்கு வரவில்லை. கோயம்புத்தூர் வரை போய் டாக்டர்களைப் பார்த்தாயிற்று. வேலையை விட்டான். ஒருநாள் வீட்டில் கேஸ் கசிந்து தெரு முழுக்க நாறுகிறது, இவன் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறான், மனைவி மேரிதான் ஓடி வந்து இழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து டீ குடிப்பதையும் நிறுத்திவிட்டான். கலர் வெந்நீரை எதுக்குக் குடிக்கணும் என்பான். வீட்டை விட்டு வெளியே வருவதும் நின்றுபோனது. அவனை வெளியே கிளப்பத்தான் இந்த சைக்கிள் பயணத்தையே நான் ஏற்பாடு செய்தேன், மூன்று சைக்கிளுக்கும் என் கையாலேயே பிரேக் பார்த்தேன்.

அந்தக் காலத்தில் குந்தாப் பக்கம் அணை வேலைக்குச் சாமான் கொண்டுபோக ஒரு சின்ன ரயில் பாதை போட்டிருந்தார்கள், ட்ராலி லைன் என்பார்கள். அப்புறம் எஸ்டேட்காரர்கள் அதில் பச்சை இலை ஏற்றினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய் எத்தனையோ வருஷம் ஆகிறது, பாதை மட்டும் மலை இடுப்பைச் சுற்றிக்கொண்டு அப்படியே கிடக்கிறது. ரயில் போன பாதை என்பதால் ஏற்றமும் தெரியாது இறக்கமும் தெரியாது, எங்களைப் போன்ற கிழங்களுக்கு அதைவிட நல்ல சைக்கிள் ரோடு கிடையாது. முதல் நாள் லவ்டேல் வழியாக மெதுவாகப் போய் வெள்ளிங்கிரியின் பழைய சிநேகிதன் குவார்ட்டர்ஸில் தங்கினோம். இரண்டாம் நாள் ட்ராலி லைன். மூன்றாம் நாள் திரும்புவது என்று திட்டம்.

இரண்டாம் நாள் காலையிலேயே ஒரு கெட்ட காரியம் நடந்தது. சோறு, வர்க்கி பிஸ்கட், வெள்ளிங்கிரியின் குளுக்கோஸ் எல்லாம் இருந்த பையைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. திரும்பிப் போகலாம் என்றான் வெள்ளிங்கிரி. மத்தியானத்துக்குள் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடுகள் வந்துவிடும், வா என்றேன் நான். மத்தியானம் தாண்டியும் ஒரு வீடு கூட வரவில்லை. மூன்று மணிக்கு மஞ்சு இறங்கியது, அது இறங்கினால் எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், முன்னால் போகிறவன் முதுகு கூடத் தெரியாது. அதிலே பாதை இரண்டாகப் பிரிந்தது. நான் இடது என்றேன், ஏன் என்றால் நான் எப்போதும் ஏதாவது ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுவேன்.

அந்தோணி சைக்கிளை விட்டு இறங்கி வலது பக்கம் பார்த்து நின்றான்.

"டேய், எங்கயோ பேக்டரியில இலை போட்டிருக்கானுங்க."

"உனக்கு மூக்கே இல்ல, நீ என்னத்தடா மோந்தே?" என்றேன்.

"நேத்து என்ற சாக்ஸ்ல தலைய வெச்சுத் தூங்குனவன் இவன்," என்றான் வெள்ளிங்கிரி. "இவன் பேச்சைக் கேட்டுப் போறதுக்கு அந்தக் கொரங்கைக் கேட்டுப் போலாம்."

அந்தோணி சிரிக்கவில்லை. அவன் மூக்கு விரிந்து விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது, முகம் வெளுத்துப்போயிருந்தது. "விளையாடாதீங்கடா. வருது. நெசமா வருது," என்றவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வலது பக்கம் போக ஆரம்பித்துவிட்டான். நானும் வெள்ளிங்கிரியும் இழுத்து இழுத்து மூச்சு விட்டுப் பார்த்தோம். ஈர மண், அழுகிய இலை, வேறு ஒன்றும் இல்லை. அவனைத் தனியாக விட முடியாது, பின்னாலேயே போனோம். போகப் போக அவன் சொல்லிக்கொண்டே வந்தான், இப்போ ரோலர்ல இருக்குது, இப்போ தரையில பரப்பியாச்சு, இப்போ பச்சை வாடை போகுது என்று. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

பேக்டரி வந்தது. கூரை இல்லை. கல் சுவர் மட்டும், உள்ளே ஆள் உயரத்துக்கு மேல் மரங்கள் முளைத்து நிற்கின்றன. பக்கவாட்டுச் சுவரில் ட்ரையர் அடுப்புக்கு விறகு போடுகிற பெரிய இரும்புக் கதவு. அந்தக் கதவின் மேல் விலாவைச் சாய்த்துக்கொண்டு ஒரு காட்டெருமை நின்றது. என் பட்டறை ஷட்டர் அகலம் இருக்கும். தூறல் அதன் முதுகில் விழ விழ ஆவியாக எழும்பியது, குளிர் காய்கிற மனுஷன் மாதிரி கண்ணைப் பாதி மூடியிருந்தது. எங்களைப் பார்த்தது. சீறவில்லை, ஓடவும் இல்லை. நாங்கள் வரவேண்டியவர்கள்தான், இடம் விடுகிறேன் என்கிற மாதிரி மெதுவாக நகர்ந்து மஞ்சுக்குள் போய்விட்டது. எத்தனையோ காட்டெருமை பார்த்திருக்கிறேன், ஒன்றைப் பார்த்துக் கும்பிடத் தோன்றியது அன்றைக்குத்தான்.

கிட்டே போனேன். சுவர் முழுக்கப் பாசி, தண்ணீர் வழிகிறது, அந்தக் கதவைச் சுற்றி ஒரு சாண் மட்டும் காய்ந்து கிடக்கிறது. நனைந்த கம்பளிக் கையுறைகளைக் கழற்றிக் கதவின் குறுக்கே ஓடுகிற இரும்புப் பட்டை மேல் வைத்தேன். புறங்கையைக் கொண்டுபோனேன்.

நம்பினால் நம்புங்கள். ஊட்டியில் கிளம்பி ஓரிடத்திலும் நிறுத்தாமல் இறங்கி வந்த லாரி டிரம்மின் சூடு.

"மாடு சாஞ்சு நின்ன சூடுப்பா," என்றான் வெள்ளிங்கிரி. அவன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டிருந்தான். மாட்டுச் சூடு மாடு சாய்ந்த இடத்தில்தான் இருக்கும். நான் கீழ்க் கீலில் பார்த்தேன், மேல் மூலையில் பார்த்தேன், எல்லா இடத்திலும் ஒரே சூடு. உள்ளேயிருந்து வருகிற சூடு. கதவில் ஒரு பார்வைத் துளை இருந்தது, குனிந்து பார்த்தேன். நெருப்பு இல்லை, சாம்பல் கூட இல்லை. அடுப்புக்குள்ளே பெரணிச் செடி வளர்ந்திருந்தது, பச்சைப் பசேல் என்று, இலை நுனியில் தண்ணீர்ச் சொட்டோடு. இந்தச் சூட்டுக்குப் பின்னால் அந்தச் சொட்டு எப்படி நின்றது? என் தலையில் இருந்த கணக்கெல்லாம் அங்கே நின்றுபோயிற்று. பயமாக இல்லை, அதைத்தான் யாரும் நம்புவதில்லை. கோயில் கருவறையில் தீபம் காட்டும்போது நிற்பார்களே, அப்படி நின்றேன்.

உள்ளே அந்தோணி வெடித்த சிமெண்டுத் தரையில் மண்டியிட்டிருந்தான். வெறும் தரையில் இரண்டு கையாலும் இல்லாத இலையைப் புரட்டிப் புரட்டி மூக்குக்குக் கொண்டுபோகிறான். கண்ணீர் தாடியில் இறங்குகிறது.

"இருபது நிமிஷம்டா. இருபது நிமிஷத்துல உச்சிக்கு வந்துரும். இங்க ஆளே இல்ல, யாரு ட்ரையர்ல போடுறது? நான் இருந்து போட்டுட்டு வரேன்."

"என்னத்தடா போடுவே? ஒண்ணுமே இல்லையே இங்க!"

"உனக்கு இல்ல. எனக்கு எல்லாம் வருதுடா. உன் மேல கிரீஸ் வாடை வருது. அவன் மேல மருந்து வாடை வருது. ஈர மண்ணு வருது. நாலு வருஷம் கழிச்சு வருது. இருபது நிமிஷம் குடு."

அந்த நேரத்தில் வெளியே வெள்ளிங்கிரி கல்லிலிருந்து சரிந்தான். அந்தக் குளிரில் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது, பேச்சுக் குளறியது, கை நடுங்கியது. சர்க்கரை இறங்கிவிட்டது. ஒருவனாக அவனைத் தூக்கிக்கொண்டு போக என்னால் முடியாது. அந்தோணியை அங்கே தனியாக விடவும் முடியாது, அந்தக் காட்டெருமை எங்கேயோ மஞ்சுக்குள் நிற்கிறது. அந்தோணியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். "நாளைக்கு வரலாம்டா, நானே கூட்டிட்டு வரேன், பேக்டரி எங்கயும் போகாது!" என்று கத்தினேன். அவன் ஒரு தடவை தரையைத் திரும்பிப் பார்த்தான், எழுந்து வந்து வெள்ளிங்கிரியின் மறு தோளைப் பிடித்தான். கையுறைகளை எடுத்துச் செருகிக்கொண்டு, சைக்கிள்களை அங்கேயே போட்டுவிட்டு நடந்தோம்.

அடுத்த வளைவிலேயே லைன் வீடுகள். முதல் வீட்டில் ஒரு வயசான அம்மா, சிலோனிலிருந்து வந்த குடும்பம். "அவருக்குச் சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி தாறேன், உக்காருங்க," என்று ஓடினார். எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டார், சொன்னோம். "நல்ல வேளை, இடப்பக்கம் போகல. போன மழைக்குப் பாலம் அடிச்சிட்டுப் போச்சு, மஞ்சில விளிம்பு தெரியாது," என்றார். நான் சொன்ன பக்கம். பேக்டரியில் ஆள் வேலை செய்கிறார்களா என்று கேட்டேன். "நான் கலியாணங் கட்டி இந்த லயத்துக்கு வந்தப்பவே மூடிக் கெடந்துச்சே," என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இரண்டு டம்ளர் உள்ளே போனதும் வெள்ளிங்கிரிக்கு உயிர் வந்தது. அந்தோணி தன் டம்ளரை மூக்குக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் இருந்தான். பிறகு குடிக்காமல் கீழே வைத்தான்.

அன்றிரவு அந்த அம்மா வீட்டிலேயே படுத்து, மறுநாள் விடிந்ததும் பேக்டரிக்குப் போனோம். கதவு ஐஸ் மாதிரி இருந்தது, அதைச் சுற்றிக் காய்ந்திருந்த ஒரு சாண் சுவரும் நனைந்து கிடந்தது. அந்தோணி தரையில் நின்று இழுத்து இழுத்து மூச்சு விட்டான். ஒன்றும் இல்லை. வெள்ளிங்கிரி தலையைக் குனிந்துகொண்டான், தன்னால்தான் என்று. அவனால் இல்லை. குளுக்கோஸ் இல்லாமல் வா என்று இழுத்துப்போனவன் நான்.

ஊருக்கு வந்து பையைப் பிரித்தபோதுதான் கையுறையைப் பார்த்தேன். மற்றத் துணியெல்லாம் ஈரத்தில் நாறிக் கிடக்க அது மட்டும் மொறமொறவென்று காய்ந்திருந்தது, உள்ளங்கைப் பக்கம் ஐந்து பழுப்புப் புள்ளி, வரிசையாக, இரும்புப் பட்டையின் ஆணித் தலைகள் சுட்ட அடையாளம். மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். அந்தோணி வாரத்துக்கு ஒரு தடவையாவது பட்டறைக்கு வருவான், டிராயரைத் திறப்பான், கையுறையை மூக்கில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். உலகத்திலேயே அவனுக்கு வாசனை வருவது அதில் ஒன்றில்தான். நான் மோந்து பார்த்தேன், கம்பளி வாடைதான் அடித்தது. ஆனால் அவன் சொல்வான், "இன்னும் உச்சிக்கு வரல." அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், பேக்டரியில் இருந்த பழைய அந்தோணி.

போன வாரம் வந்தான். மோந்தான். சட்டென்று கையுறையைக் கீழே வைத்துவிட்டான்.

"உச்சி தாண்டிருச்சு. புளிப்பு ஏறுது. இன்னும் யாரும் ட்ரையர்ல போடல."

அவ்வளவுதான் சொன்னான். மறுநாள் அவன் சைக்கிள் என் பட்டறையில் நின்றது. பிரேக் பார்த்து வை, ஐப்பசி வந்தாச்சு என்று எழுதிய காகிதத்துண்டு ஹேண்டில்பாரில் சுற்றியிருந்தது. நான் தொடவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லி நாலு நாள் ஓட்டினேன்.

நேற்று சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது உள்ளே ஒரு புளித்த வாடை. டீ டம்ளரைக் கழுவாமல் விட்டுவிட்டேன் போல என்று தேடினேன். எல்லா டம்ளரும் கழுவிக் கவிழ்த்திருந்தது. டீ போடுகிற அடுப்புப் பக்கம் போனால் வாடை குறைகிறது, மேஜைப் பக்கம் வந்தால் ஏறுகிறது. டிராயரைத் திறக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். இந்த அறுபத்து நாலு வயதில் எனக்கு அந்த டிராயரைத் திறக்கத் தைரியம் வரவில்லை என்பதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலையில் வேறு எந்த வண்டியையும் தொடவில்லை. முதல் வேலையாகப் பிரேக் மாட்டினேன். அவன் சைக்கிளுக்கும், என் சைக்கிளுக்கும்.