ஏழு பேருக்கு ஒரு அப்பா

எங்கள் விடுதியின் மூன்றாவது மாடியில் ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே அப்பாதான் இருந்தார். அவருக்கு வயது இருபத்து மூன்று. தேனிப் பக்கத்துப் பெண், என் அறைத்தோழி, கட்டைக் குரல்காரி.

அந்த விடுதியில் இருந்த எல்லோரும் சென்னையை ஒட்டிய ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை வெளியே போக வேண்டுமென்றால் வார்டன் அக்கா முதலில் அவரவர் அப்பாவுக்கு போன் போடுவார். அப்பா "அனுப்புங்க" என்று சொன்னால்தான் கேட் திறக்கும். ஷாம்பு வாங்கவும் அப்பா சொல்ல வேண்டும், குன்றத்தூர் மலைக்குப் போய் முருகனைக் கும்பிடவும் அப்பா சொல்ல வேண்டும். எதிரே ஆண்கள் தங்கியிருந்த கட்டிடத்துக்கு கேட்டே கிடையாது. என்னோடு ஒரே லைனில் நின்று அதே நட்டை முடுக்குகிறவன் ஞாயிறு முழுக்க எங்கே சுற்றினான் என்று அவன் அப்பாவை யாரும் கேட்டதில்லை. மகளிர் தினத்தன்று மட்டும் கம்பெனியில் எங்களுக்கு ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்து கேக் வெட்டுவார்கள். நானும் வாங்கிச் சாப்பிடுவேன். கேக் மேல் எனக்கு என்ன கோபம்?

என் அப்பா தூத்துக்குடியில் ஒரு குடோனில் மூட்டை தூக்குகிறவர். பகலில் போனை எடுக்க மாட்டார். எடுத்தால் எங்கே, யாரோடு, எதற்கு என்று ஆயிரம் கேள்வி கேட்பார். மற்றவர்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். அதனால் விடுதிப் படிவத்தில் 'தந்தை எண்' என்ற இடத்தில் ஆளுக்கொரு பழைய சிம்மின் எண்ணை எழுதி வைத்திருந்தோம். வெளியே போகிற அன்று அந்த போனை என் அறைத்தோழியிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்குவோம். அவள் போர்வைக்குள் படுத்துக்கொண்டு, "ஆமாங்க, புள்ளையோட அப்பாதான் பேசுறேன். அனுப்பி வைங்கம்மா, புள்ள பத்திரம்" என்பாள். அவ்வளவு அன்பான அப்பா எங்கள் யாருக்கும் வாய்த்ததில்லை.

அந்த வருடம்தான் கம்பெனியில் பெண்களும் ஃபோர்க்லிப்ட் என்கிற சரக்குத் தூக்கும் வண்டியை ஓட்டலாம் என்று அறிவித்தார்கள். பெயர் கொடுத்தவள் நான் ஒருத்திதான். இரண்டு மாதம் ஷிப்ட் முடிந்த பிறகு தங்கி அதை ஓட்டிப் பழகினேன். ஏழு வருடம் ஒரே இடத்தில் நின்று நட்டு முடுக்கியவளுக்கு உட்கார்ந்து ஓட்டுகிற வேலை என்றால் சும்மாவா? தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வெளியே ஒரு பயிற்சி மையத்தில். தவறவிட்டால் மறுபடி அடுத்த வருடம்தான், அதுவும் நடத்தினால். கம்பெனியில் கேட்டிருந்தால் விடுதிக்கு ஒரு கடிதம் கொடுத்திருப்பார்கள். இரவல் அப்பா கையில் இருக்கும்போது எனக்கு அந்தப் புத்தி ஏன் வரப்போகிறது?

அந்த வாரம் பார்த்து அப்பாவுக்குச் சளி பிடித்துக்கொண்டது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வார்டன் மேஜை முன்னால் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நான்கு பேர். நான்கு அப்பாக்களும் இருமினார்கள். நான்கு பேருமே, "மன்னிச்சுக்கங்கம்மா, தொண்டை கட்டிக்கிச்சு" என்றார்கள். வார்டன் அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தார்.

"இன்னாமா இது, நாலு ஊரு, நாலு அப்பன், எல்லாருக்கும் ஒரே இருமலா கீது?"

என் எண்ணை அழுத்திக்கொண்டே படியேறினார். மூன்றாவது மாடியில் போர்வைக்குள்ளிருந்து என் போன் பாட்டுப் பாடியது.

போர்வைக்குள் இருந்தவளைக் கையோடு கீழே கூட்டி வந்தார். அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? உண்மையான எண்ணைக் கேட்டார், கொடுத்தேன். அன்றைக்கென்று என் அப்பா முதல் மணியிலேயே எடுத்தார். வார்டன் அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஃபோர்க்லிப்ட் தேர்வு விஷயத்தைச் சொன்னார்.

"அது என்ன வண்டி, லாரி மாதிரியா? பொம்பளப் புள்ளைக்கு அந்தச் சோலி வேண்டாம். அனுப்பாதீங்கம்மா" என்றார் அப்பா.

வார்டன் அக்கா போனை வைத்தார். "கேட்டுக்கினியா? உங்கப்பாவே சொல்லிட்டாரு. மேல போ."

எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

"அக்கா, போன ஞாயித்துக்கிழம ஓ.டி.க்கு பஸ் வந்துச்சே, அன்னைக்கு எங்கப்பாவக் கேட்டா அனுப்புனீங்க?"

"அது கம்பெனி வேலமா."

"கம்பெனிக்குன்னா விடியுமுன்னயே கேட்டத் தொறந்து விடுதீங்க. அப்ப அப்பா வேண்டாம். எனக்குன்னு ஒரு காரியத்துக்குப் போனாத்தான் அப்பா சொல்லணுமா?"

பின்னால் நின்றவர்கள் யாரும் மாடிக்குப் போகவில்லை. அப்பாவாக இருந்தவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "எங்க யாரையும் இன்னைக்கு விட வேணாம்க்கா. இவள மட்டும் விட்ருங்க" என்றாள்.

"எதுனா ஒண்ணு ஆச்சுன்னா எல்லாரும் என்னையத்தான் கேப்பாங்க. தெரியுமா?"

"என்னையக் கேக்கச் சொல்லுங்க" என்றேன்.

வார்டன் அக்கா வெளியே போகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டை என் பக்கம் தள்ளினார். "என் பொறுப்புல போறேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. உங்கப்பாவாண்ட நீயே சொல்லிடணும். பொய் சொல்லாத."

ஊருக்குப் பணம் அனுப்பி, தங்கை கல்யாணத்தை முடித்து வைத்தவள்தான் நான். ஆனாலும் 'என் பொறுப்பு' என்று ஒரு தாளில் எழுதியது அதுதான் முதல் தடவை. பிறகு வந்த ஞாயிறுகளில் மற்றவர்களும் ஒவ்வொருவராக அதே வரியை எழுத ஆரம்பித்தார்கள். வார்டன் அக்கா முணுமுணுப்பார், ஆனால் நோட்டை அவர்கள் பக்கம் தள்ளிவிடுவார்.

அன்று ஷேர் ஆட்டோவில் போகும்போதே அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, நான் கேக்கதுக்கு போன் போடல. சொல்லுததுக்குத்தான் போட்டேன். பரிட்சைக்குப் போயிட்டு இருக்கேன்."

லைன் கட்டாகிவிட்டது. சிக்னல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்காவிட்டால் அன்று என்னால் வண்டியைத் தொட்டிருக்க முடியாது.

மையத்தில் மற்ற கம்பெனிகளிலிருந்து பதினோரு ஆண்கள் வந்திருந்தார்கள். பெண் நான் ஒருத்தி. பெட்டிகள் அடுக்கிய பலகையைத் தூக்கி, தரையில் வைத்திருந்த கூம்புகளுக்கு நடுவே வளைத்து ஓட்டி, ரேக்கின் இரண்டாம் தட்டில் வைத்துவிட்டு, ரிவர்ஸில் திரும்பி வர வேண்டும். பலகையைத் தட்டில் வைக்கிறவரை மூச்சு விட்டேனா என்று நினைவில்லை. ரிவர்ஸில் ஒரு கூம்பு ஆடியது, விழவில்லை. இறங்கி வந்து தேர்வாளர் முன்னால் நின்றேன்.

"பாஸ்மா. அடுத்த ஆள் வாங்க" என்றார்.

என்னை ஓர் அதிசயமாகப் பார்க்காமல் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அன்று சாயங்காலம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவே கூப்பிட்டார். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனை எடுத்தேன்.

"ஏளா, என்ன ஆச்சு?"

"பாஸ் ஆயிட்டேம்பா."

"அந்த வண்டி ஒரு தடவைக்கு எத்தன மூடை தூக்கும்?" என்று கேட்டார்.

"முப்பது மூடை தூக்கும்பா."

"முப்பதா?" என்றார். "இடுப்பு வலிக்காதுல்லா?"

"வலிக்காதுப்பா. உக்காந்துக்கிட்டே தூக்கலாம்."

அப்பா ஒரு தடவை செருமிக்கொண்டார்.

"அந்த வார்டன் அம்மாட்ட சொல்லிரு. இனிமே உன் காரியத்துக்கு எனக்கு போன் போட வேண்டாம். உன்னையவே கேட்டுக்கிடச் சொல்லு."