தறி நின்ற பன்னிரண்டு எண்ணிக்கை

சென்ட்ரலில் காலை ஆறேகாலுக்கு ரேணிகுண்டா போகிற பாசஞ்சர். திருத்தணிக்கு டிக்கெட் ஆளுக்கு மூன்று ரூபாய் இருபது காசு. தூரம் எண்பத்து நாலு கிலோமீட்டர். எமர்ஜென்சி முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தை மாதம். ஜன்னல் கம்பி சில்லென்றிருந்தது.

போனவர்கள் இரண்டு பேர். நான் தணிகாசலம். சினிமா ஸ்டூடியோவில் டோலக் வாசிக்கிறவன். அஞ்சாவது வரை படிப்பு. கூட வந்தவர் வசந்தா டீச்சர். மயிலாப்பூரில் பெண்களுக்கு நடனம் கற்றுக்கொடுக்கிறவர். என் மடியில் டேப் ரெக்கார்டர். டீச்சர் மடியில் ஒரு துணிப்பை. அந்தப் பைக்குள் நோட்டீஸ் ப்ரூஃப் இருந்தது. அதைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும்.

டீச்சர் புதிதாக ஒரு ஆட்டம் அமைத்துக்கொண்டிருந்தார். சாமி இல்லை. கதை இல்லை. பாட்டு இல்லை. ஆறு பெண்கள், வேலை செய்கிற கால்கள், அவ்வளவுதான். அதற்கு இசை செய்ய முடியாது என்று கச்சேரிக்காரர்கள் இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். மூன்றாவதாக என்னிடம் வந்தார். முடியும் என்று நானும் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றேன்.

ஸ்டூடியோ கேண்டீனில் டீ போடுகிறவருக்கு ஊர் ஆர்.கே.பேட்டை. அவர் மச்சான் ஏழுமலை அங்கே லுங்கி நெய்கிறவர். கார்த்திகையில் நான் தனியாகப் போய் அவர் தறிச் சத்தத்தை டேப்பில் பிடித்து வந்தேன். அதன்மேல் டோலக்கும் மரக்கட்டையும் வைத்து வாசித்தேன். நடுவில் ஒரு இடத்தில் தறி நிற்கும். பன்னிரண்டு எண்ணிக்கை ஒன்றும் இல்லை. பிறகு மறுபடி எடுக்கும்.

டீச்சர் அதைக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பெண்களைக் கூப்பிட்டு, "இந்த எடத்துல அண்ணா ஒண்ணும் வாசிக்கல பாருங்க. இதுக்குத்தான் இவர்கிட்ட போனேன்" என்றார். ஆட்டத்தின் நடுப்பகுதி முழுக்க அந்த நிறுத்தத்தின்மேல்தான் கட்டினார். ஆறு பெண்களும் ஒற்றைக் காலில் நிற்பார்கள்.

நோட்டீஸில் 'இசை: தணிகாசலம்' என்று போட்டிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக வாசிக்கிறேன். என் பேர் அச்சில் வந்ததில்லை. திங்கட்கிழமை ப்ரூஃபை அச்சகத்தில் திருப்பித் தரவேண்டும்.

அந்த நிறுத்தம் நான் வைத்தது இல்லை. அன்றைக்கு ஏழுமலை தறியில் நூல் அறுந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். இதை டீச்சரிடம் சொல்லாமல் இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன்.

பெண்களின் கால் சரியாக வரவில்லை, தறி மிதிக்கிறதை நேரில் பார்க்கவேண்டும் என்று டீச்சர் சொன்னார். அதற்குத்தான் இந்தப் பயணம். வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

ஏழே முக்காலுக்கு திருவாலங்காடு. இரண்டு பக்கமும் கரும்பு. டீச்சர் வெளியே எட்டிப் பார்த்தார்.

"இங்கதான் சாமியும் காளியும் ஆடிப் போட்டி போட்டாங்க. தெரியுமா?"

"தெரியும்."

"அவர் காலை மேல தூக்கினார். அவ தூக்கல. தோத்துட்டா. அது தோல்வியான்னு எனக்கு இன்னும் சந்தேகம்." கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு பேருக்கும் மத்தளம் அடிச்சவர் பாவம். யார் பக்கம் அடிக்கறதுன்னே தெரிஞ்சிருக்காது. அவர் பேர எவன் கேக்கறான்?" என்றார்.

பேர் என்றதும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அரக்கோணம் வந்துவிட்டது. வண்டி இருபது நிமிஷம் நின்றது. டீ வாங்கிக் கொடுத்தேன். ஒன்று முப்பது காசு. சொல்லவில்லை.

எட்டு ஐம்பதுக்கு திருத்தணி. ஸ்டேஷனில் இறங்கினால் மலை நேராகத் தெரியும். என் பேரே இந்த மலையின் பேர்தான். ஆனால் ஏறினது கிடையாது. கார்த்திகையில் வந்தபோதும் அடுத்த பஸ்ஸுக்கு ஓடினேன். சாயந்திரம் ஏறலாம் என்று டீச்சர் சொன்னார்.

ஒன்பதே காலுக்கு ஆர்.கே.பேட்டை டவுன் பஸ். நல்ல கூட்டம். கண்டக்டர் என் மடியைப் பார்த்தார்.

"இன்னாது அது, பொட்டி?"

"டேப்பு."

"பாடுமா?"

"தறி சத்தம் வரும்."

"இன்னாது? தறி சத்தமா?" பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். "யோவ், மெட்ராஸ்லருந்து தறி சத்தத்த டேப்புல புடிச்சிகினு ஆர்.கே.பேட்டைக்கி எடுத்துகினு வராரு பாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர்தான் அதிகம் சிரித்தார். பெட்டிக்கு லக்கேஜ் போடவில்லை. சிரித்ததற்கு அது சரியாகப் போயிற்று என்றார் கண்டக்டர்.

வழியெல்லாம் நெல், வேர்க்கடலை, நடுநடுவே பாறைக்குன்று. ஊர் நெருங்க நெருங்க ரோட்டோரம் பாவு நீட்டியிருந்தார்கள். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் போகிற நூல். தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவிடுவார்கள். அந்தப் பக்கம் வந்தால் பஸ்ஸும் மெதுவாகத்தான் போகும்.

பத்தே முக்காலுக்கு இறங்கினோம். ஏழுமலை தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். டீச்சர் நடுத்தெருவில் நின்று கேட்டார். இனிமேல் வழி இல்லை. நான் நின்றேன்.

"டீச்சர். ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அந்த நிறுத்தம் நான் வெச்சதில்ல. நூலு அறுந்துச்சி. தறி நின்னுபோச்சி. வாசிக்கறப்ப நானும் கைய நிறுத்திக்கினேன்."

என் முகத்தைப் பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை.

"வெயில் ஏறுது. உள்ள போலாம்" என்றார்.

ஏழுமலை குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். அதாவது தரையில் பள்ளம் வெட்டி, காலை உள்ளே விட்டு மிதிக்கிற தறி. என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"வாங்கணா! சத்தம் தீந்துபோச்சா? இன்னும் ரெண்டு படி அளந்து குடுக்கட்டா?"

அவர் மனைவி குப்பம்மா அடுப்படியிலிருந்து வந்து பாய் போட்டார். டேப்பை ஓடவிட்டேன். ஏழுமலை காதைச் சாய்த்துக் கேட்டார். தலையை ஆட்டினார்.

"இது என் தறி இல்லணா. என்துது இவ்ளோ சுத்தமா அடிக்காது."

"உன் தறிதான் பாவா" என்று புருஷனிடம் சொன்னார் குப்பம்மா. "இரு, நடுவுல தூங்கும் பாரு."

தறி நின்றது. பன்னிரண்டு எண்ணிக்கை. மறுபடி எடுத்தது. குப்பம்மா கையைத் தட்டிச் சிரித்தார்.

"ஆங், தூங்கிச்சா?"

"தூங்கல. எழை அறுந்துச்சி" என்றார் ஏழுமலை. "இவளதான் கூப்ட்டேன். எனக்கு கிட்டத்துல கண்ணு தெரியாது. முடிச்சு போடறது எப்பவும் இவதான்."

டீச்சர் குப்பம்மாவிடம் கேட்டார். "ஒரு முடிச்சுக்கு அவ்ளோ நேரம் ஆகுமா?"

"எங்க ஆவும்? கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள போட்டுடுவேன். அன்னிக்கி மாவு பெசஞ்சிகினு இருந்தேன். கை ஈரம். ஈரக் கையில பாவ தொட்டா கஞ்சி போயிடும், எழை நிக்காது. கைய நல்லா தொடச்சிகினு வந்தேன். அதான் லேட்டு."

"எப்படித் தொடச்சீங்க?"

குப்பம்மாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். "கைய தொடைக்கறதுல இன்னாங்க எப்படி?"

"செஞ்சு காட்டுங்க."

முந்தானையை எடுத்தார். உள்ளங்கை, புறங்கை, பிறகு விரல் ஒவ்வொன்றாக. கடைசியில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துப் பார்த்தார், காய்ந்துவிட்டதா என்று. டீச்சர் எழுந்து நின்று அதையே செய்தார். குப்பம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கிட்டே வந்து டீச்சரின் விரலைப் பிடித்துத் திருத்தினார்.

"இப்டி. அவசரப்படாத. அவுரு கத்துவாரு, கத்தட்டும்."

டீச்சர் தறிக்குழியில் இறங்கியும் உட்கார்ந்தார். உதைத்து மிதித்தார். ஏழுமலை பதறிவிட்டார்.

"ஒதைக்காதீங்கம்மா! அமுக்குங்க. ஒரு காலு அமுக்குனா இன்னொரு காலு தானா மேல வரும். நீங்க தூக்கவே வேணாம்."

ஒரு மணி வரை டீச்சர் குழியை விட்டு ஏறவில்லை. ஏழுமலைக்கு அன்றைக்கு ஒரு லுங்கி போயிருக்கும். சொன்னேன். "போவட்டும்ணா. தறில டான்ஸ்காரம்மா உக்காந்தாங்கன்னு சொல்லிக்கலாம்" என்றார்.

கிளம்பும்போது டீச்சர் சொன்னார். "நோட்டீஸ்ல உங்க பேர் போடணும், ஏழுமலை."

"எதுக்கு?"

"அந்த நிறுத்தம் உங்களுது."

"நூலு அறுந்ததுக்கா பேரு?" ஏழுமலை கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம்மா. பாவு குடுக்கற மொதலாளி பாத்தாருன்னா, ஏண்டா, அறுந்த பாவுலயா நெய்யறன்னு கூலிய புடிப்பாரு."

"எம் பேர போடுங்க" என்றார் குப்பம்மா. "எனக்கு எந்த மொதலாளி?"

"நாந்தான்" என்றார் ஏழுமலை.

"ஆங். ஆளப் பாரு."

மூன்றரைக்கு திருத்தணி திரும்பினோம். பஸ்ஸில் டீச்சர் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். குப்பம்மா பேர் வரும், என் பேர் போகும் என்று நினைத்துக்கொண்டேன். நியாயம்தான். ஆனாலும் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. வருஷத்துக்கு நாள் எத்தனையோ அத்தனை. எங்களுக்கு முன்னால் சித்தூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தர் படிபூஜை செய்துகொண்டு ஏறினார். ஒவ்வொரு படியிலும் மஞ்சள், குங்குமம், ஒரு துளிக் கற்பூரம். தாண்டிப் போகலாமா என்று பார்த்தேன்.

"இரு நைனா" என்றார் அந்த அம்மா. "மஞ்சள் காயல. நீ மிதிச்சா நான் மொதல்லருந்து வரணும்."

அதனால் நாங்களும் படிக்குப் படி நின்றோம். டீச்சர் பேசினார். படிக்கு ஒரு பேச்சு.

"அண்ணா, உங்க டேப்புல அந்த எடத்துல வளையல் சத்தம் இருக்கு."

ஒரு படி.

"மொத நாளே கேட்டேன்."

ஒரு படி.

"நீங்க எந்த ரிக்கார்டிங்ல வளையல் போட்டுட்டு வாசிச்சீங்க?"

எனக்குக் காது சுட்டது. ஆனால் அவர் குரலில் குத்தல் இல்லை.

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன். அப்புறம் எனக்கும் பயம். கேட்டா, கோவிச்சுட்டு வராம போயிட்டா? நாலாவது ஆள எங்க தேடறது? நீங்க ஏன் சொல்லல?"

"பயம்."

"எதுக்கு?"

"பேருக்கு."

அவர் சிரிக்கவில்லை. அந்த அம்மா அடுத்த படிக்குக் கற்பூரம் ஏற்றினார். காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினார். நாங்கள் நின்றோம்.

"ஸ்டூடியோல இப்படி ஒரு காலி எடம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வெட்டி ஒட்டிடுவாங்க."

"நீங்க ஏன் வெட்டல?"

நாலு படி யோசித்தேன்.

"அந்தம்மா கைய தொடச்சிகினு வந்துச்சி. பாத்துகினு இருந்தேன். டேப்ப நிறுத்த தோணல. அப்பறம் வெட்டவும் மனசு வரல."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கின மாதிரி இருந்தது. கற்பூரப் புகையாகவும் இருக்கலாம்.

ஐந்தே முக்காலுக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். சாமியைப் பார்த்தோம். வெளியே மதில் ஓரம் உட்கார்ந்தோம். கீழே ரயில் பாதை, ஏரி, வடக்கே ஆந்திரா மலைகள். டீச்சர் பையிலிருந்து ப்ரூஃபை எடுத்தார். பென்சிலும் எடுத்தார். என் பேரை அடிக்கவில்லை. அதன் கீழே 'குப்பம்மா' என்று எழுதினார்.

"டீச்சர். மேல எழுதுங்க."

"ஏன்?"

"அந்தம்மா நிறுத்துனாங்க. நான் கூட நின்னேன்."

பென்சிலை என்னிடமே கொடுத்தார். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதினேன். அந்த நேரம் டீச்சரின் கை மடியில் தானாகத் துடைத்துக்கொண்டிருந்தது. உள்ளங்கை, புறங்கை, விரல் ஒவ்வொன்றாக.

ஏழு பத்துக்கு வண்டி. சென்ட்ரல் வந்து சேர்ந்தோம்.

மறுநாள் ஸ்டூடியோவில் பாட்டு ரிக்கார்டிங். நடுவில் வயலின்காரர் இரண்டு எண்ணிக்கை விட்டுவிட்டார். "கட்!" என்று உள்ளேயிருந்து கத்தினார்கள். மறுபடி முதலிலிருந்து வாசித்தோம். அங்கே வழக்கம் அதுதான். குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த இரண்டு எண்ணிக்கையும் என் காதில் கேட்டது.

ஆட்டம் மாசியில் மேடையேறியது. இப்போது அஞ்சு பெண்கள்தான் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். ஆறாவது பெண் கையைத் துடைத்துக்கொண்டு அவர்கள் நடுவே நடந்து வருகிறாள். அரங்கில் ஒருத்தர் இருமக்கூட இல்லை.

நோட்டீஸ் இரண்டை கேண்டீன்காரரிடம் கொடுத்து ஊருக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஏழுமலை ஒன்றைத் தறிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறாராம். பாவு கொடுக்கிற முதலாளி வந்து பார்த்துவிட்டு, யார் இந்தக் குப்பம்மா என்று கேட்டாராம். "எனக்கு முடிச்சு போடறவங்க" என்று ஏழுமலை சொன்னாராம்.

இன்னொரு நோட்டீஸ் என் டோலக் பெட்டியில் இருக்கிறது. என் பேர் இரண்டாவதாக வந்திருக்கிறது. எழுத்துப் பிழை இல்லை.