சேமித்தாயா என்று கேட்கும் மேரி

“தம்பி, உன் நோட்புக் சும்மா கெடக்கு. இன்னும் அரை மணியில தானா மூடிக்கும். சேவ் பண்ணிட்டியா?” ஆரோக்கியமேரி இன்று காலையில் இப்படிக் கேட்பது ஏழாவது ஆளிடம். பதில் தெலுங்கில் வருகிறது. பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்த எண்ணைத் தட்டுகிறார்.

ஹைதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் அவருக்கு வேலை. ஆராய்ச்சி மாணவர்கள் விடுதியில் படுத்தபடியே மடிக்கணினியில் நோட்புக் என்னும் பக்கத்தைத் திறந்து, வரி வரியாகக் கணக்குப் போட்டு விடை பார்ப்பார்கள். உழைப்பதென்னவோ இங்கே கீழ்த்தளத்திலிருக்கும் பெரிய இயந்திரங்கள். ஆறு மணி நேரம் வேலையில்லாமல் கிடக்கும் நோட்புக்கை அவை தாமாகவே மூடிவிடும். சேமிக்காத விடை அதோடு போச்சு. சில நாளாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்த்துவரும் நான், மின்னஞ்சல் அனுப்பினால் போதாதா என்று கேட்டேன். “மெயிலா, நக்கோ. எவன் படிக்கிறான்?” என்றார். நக்கோ என்றால் வேண்டாம். லாலாகுடா ரயில்வே காலனியில் ஹைதராபாத் உருதுவோடு வளர்ந்த தமிழ் அப்படித்தான் இருக்கும்.

இயந்திர அறையின் குளிருக்காக மே மாதத்திலும் கணவரின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வார். திரையில் பிழைச்செய்தி வந்தால் “ஹவ், ஹவ், ஆமா, புரியுது” என்று அதனிடமே சலித்துக்கொள்வார்.

அவருக்குப் பரம எதிரி வெற்று லூப். நோட்புக் மூடிவிடாமலிருக்க, எதையும் செய்யாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் நாலு வரியை ஓடவிட்டுப் போகும் புத்திசாலிகள் உண்டு. திரையில் அதுவும் மும்முரமாக உழைப்பதுபோலவே தெரியும். பிடிபட்டால் ஒரு மாதம் இயந்திரத்தைத் தொடக் கூடாது என்று கதவில் அவரே அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இயந்திர அறையின் ஏசி நின்றுபோனது. அரை மணிக்குள் எல்லாவற்றையும் அணைக்காவிட்டால் இயந்திரங்கள் வெந்துவிடும். மேரி ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு நாற்பது பேரைப் போனில் கூப்பிட்டார். எல்லாரும் சேமித்தாயிற்று. மிச்சம் ரஷ்மி, காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் வந்துபோகும் ஆராய்ச்சி மாணவி. ஒன்பது நாள் கணக்கின் விடைகள் அத்தனையையும் சேமிக்காமல் நோட்புக்கிலேயே விட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். ஆளோ ஹப்சிகுடாவில் பேருந்துக்குள். கணக்கு இன்னும் ஓடுகிறது, நிறுத்தாதீர்கள் என்று கெஞ்சினாள். நிஜமாகவே ஓடும் கணக்கை நடுவில் நிறுத்தினால் எல்லாம் பாழ். வெற்று லூப்பாக இருந்தால் அதை மட்டும் நிறுத்திவிட்டு விடைகளைக் காப்பாற்றிவிடலாம்.

“ரஷ்மி, உண்மையச் சொல்லும்மா. ஓடுதா, சும்மா சுத்துதா?”

பேருந்து ஹாரனுக்கு நடுவே ரஷ்மி குரலைத் தாழ்த்தினாள்.

“சும்மாதான் மேடம். லூப் போட்டேன். ஸாரி.”

மேரி லூப்பை நிறுத்தினார். ரஷ்மி சொல்லச் சொல்ல ஒவ்வொரு விடையாகச் சேமித்தார். கோப்பு முழுதாக வந்துவிட்டதைப் பார்த்ததும் “அப்பாடா” என்றது நான்தான். எனக்கும் அந்த ஆய்வேட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இருந்தாலும் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு அவர் இயந்திரங்களை ஒவ்வொன்றாக அணைத்தார்.

கொஞ்ச நேரத்தில் ரஷ்மி மூச்சிரைக்க ஓடி வந்தாள். துப்பட்டா வியர்வையில் நனைந்திருந்தது. கதவிலிருந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். அதுவரை இயந்திரங்களுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்த மேசை விசிறியை மேரி தூக்கி, வாசலில் நின்றவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.