மாஸ்க்குக்கு ஒரு பை

டெய்லரம்மாவின் விரல்கள் ஆஸ்பத்திரிக்குத் தைத்துக் கொடுக்கும் மாஸ்க்குகளுக்கு எலாஸ்டிக் வெட்டிக்கொண்டிருந்தன. கத்தரியை அவள் பார்க்கவில்லை. கண் முழுவதும் எதிரே தரையில் உட்கார்ந்திருந்த மகள் மேல் இருந்தது. பத்து வயது, வீட்டில் பொடிசு என்று கூப்பிடுவார்கள். அவள் தகர டப்பாவிலிருந்து பட்டன்களை எடுத்து நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் மாஸ்க். பக்கத்தில் தண்ணீர்த் தம்ளர், ஊற்றியது ஊற்றியபடி.

அதே கட்டடத்தின் மாடியில் நான் குடியிருந்தேன். நோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்து, அந்த வேலையிலேயே கிழவியானவள். டெய்லரம்மாவின் நாத்தனார் வந்து கூப்பிட்டதால் கையைக் கழுவிக்கொண்டு கீழே வந்தேன்.

பிள்ளையின் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டேன். சோம்பேறி மாதிரி மெதுவாக இறங்கியது; உடம்பில் நீர் வற்றியிருந்தது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து சோறும் இல்லை, நீரும் இல்லை என்றார்கள்.

"இருட்டுறதுக்குள்ள குடிக்கலைன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய் டிரிப் ஏத்தணும்மா. இதுல யோசிக்க ஒண்ணுமில்ல."

ஆஸ்பத்திரி என்றதும் கத்தரி நின்றது. அவள் புருஷன் அங்கேதான் தொற்றுநோய் வார்டில் துப்புரவு வேலை பார்த்தான். வீட்டுக்கு வராமல் அவர்கள் கொடுத்த அறையில் தங்கியிருந்தான். அங்கே நடப்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஊசியைக் கண்டால் நாலு பேர் பிடித்தாலும் அடங்காத பிள்ளை. தாயை உள்ளே விடுவார்களோ, மாட்டார்களோ.

டெய்லரம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவள். பொடிசுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதும் வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய மெஷினை வாங்கி வீட்டில் போட்டாள். எல்லாம் விதி என்று அக்கம்பக்கத்தில் சொன்னபோது, "விதி வரட்டும், நான் இங்கதான் இருக்கேன்" என்றாளாம். தையல் மடிப்பு உடம்பில் உரசினால் பொடிசு சட்டையைக் கிழித்தெறிவாள். அதனால் மகளின் சட்டைகளை மட்டும் மடிப்பு வெளியே தெரியும்படி தைப்பாள். உள்பக்கம் வெளியே போட்டுவிட்டதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

கொள்ளைநோய் வந்து சிறப்புப் பள்ளியை மூடியபோது, பொடிசுக்கு மாஸ்க் பழக்கியே தீருவது என்று முடிவு செய்தாள். முகத்தில் முடி விழுந்தாலே அலறும் பிள்ளை. நைந்த பருத்தித் துணியில் ஒன்று தைத்து முதலில் முழங்காலில் வைத்தாள். பிறகு தோளில், பிறகு கன்னத்தில். காதில் எலாஸ்டிக் மாட்டினால் ஆகாது என்று தெரிந்ததும் தலையில் ஒரு துணிப்பட்டை கட்டி, அதில் இரண்டு பட்டன் தைத்து, மாஸ்க்கை அதில் மாட்டினாள். பட்டன் என்றால் பொடிசுக்கு உயிர். தானே மாட்டிக்கொள்ளத் தொடங்கினாள். சாப்பாட்டு நேரத்தில் தாய் கீழ்ப்பக்கம் தூக்கிவிட்டு ஊட்டுவாள். எல்லாம் நன்றாகத்தான் போனது.

முந்தின நாள் வாசலில் யாரோ இருமினார்கள். அதே நேரம் பொடிசு மாஸ்க்கை இழுத்தாள். டெய்லரம்மா பதறிப்போய், "கழட்டாதே! கழட்டவே கூடாது!" என்று கத்திவிட்டாள். அவ்வளவுதான். இந்தப் பிள்ளைகளுக்குச் சட்டம் என்றால் சட்டம். சாப்பாட்டு நேரம் மட்டும் விலக்கு என்று அதில் யாரும் எழுதி வைக்கவில்லையே. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

"பிடுங்கிடலாம் அண்ணி. ரெண்டு நிமிஷம் அழுவா, அப்புறம் தானா குடிப்பா," என்றாள் நாத்தனார்.

"இன்னைக்குக் குடிப்பா. நாளைக்கு என் கை கிட்ட வந்தாலே ஓடுவா. வேற ஏதாவது சொல்லு."

உறிஞ்சுகுழலை மாஸ்க்குக்கு அடியில் நுழைத்துப் பார்த்தோம். பொடிசு கையைத் தட்டிவிட்டாள். தகப்பனை போனில் கூப்பிட்டோம். வார்டு உடுப்பும் மாஸ்க்குமாகத் திரையில் வந்தான்.

"செல்லம், அப்பா சொன்னா கேப்பேல்ல? தண்ணி குடிம்மா."

பொடிசு திரையில் அவன் மாஸ்க்கைத் தொட்டாள். தன்னுடையதைத் தொட்டாள். திருப்தியாகப் பட்டன் பக்கம் திரும்பிவிட்டாள்.

நாத்தனாருக்குப் பொறுமை போய்விட்டது. "ஆளாளுக்குக் குடி குடிங்கறீங்க. நீங்க குடிச்சு நான் பார்த்தே மாசக்கணக்காச்சு அண்ணி. காத்தைக் குடிச்சே உயிர் வாழுற ஞானின்னு நினைச்சிட்டிருக்கேன்."

டெய்லரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கேலி சரியான இடத்தில் விழுந்துவிட்டது. அவள் வீட்டுக்குள்ளும் மாஸ்க்கைக் கழற்றுவதில்லை, தூங்கும்போதும் இல்லை. சமையலறையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அவசரமாக இரண்டு வாய் விழுங்குவாள். தாய் மாஸ்க்கைக் கழற்றிக் குடிப்பதைப் பொடிசு பார்த்ததே இல்லை.

"நான் விழுந்துட்டா இவளை யாரு பார்ப்பா?" என்றாள்.

"நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றாள் நாத்தனார். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

அந்தப் பயத்துக்கு என்னிடமும் மருந்தில்லை. இத்தகைய பிள்ளைகளின் தாய்மார்கள் எல்லோரிடமும் அதைப் பார்த்திருக்கிறேன். டெய்லரம்மாவும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மீந்த துணியை இழுத்து மெஷினில் போட்டாள். ஒரு பெரிய பை, ஒரு சின்னப் பை, இரண்டுக்கும் மடிப்பு மூடி, பட்டன் துளை. "பட்டன் குடு," என்று கை நீட்டினாள். பொடிசு யோசித்து இரண்டு நீலப் பட்டன்களைக் கொடுத்தாள்.

பைகளை ஜன்னல் ஓரத்து ஆணிகளில் மாட்டினாள். மகளுக்கு எதிரே உட்கார்ந்து, தன் மாஸ்க்கைக் கழற்றினாள். மூக்குத்தண்டில் தோல் கன்றிப்போயிருந்தது. மாஸ்க்கைப் பெரிய பைக்குள் வைத்தாள். பட்டன் போட்டாள். ஒரு தம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். பட்டனைக் கழற்றி, மாஸ்க்கை எடுத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு முதலிலிருந்து. திரும்பவும் முதலிலிருந்து.

"வயிறு குடமாயிடப் போகுது அண்ணி."

"ஆகட்டும். இன்னொரு தம்ளர் ஊத்து."

வெளியே வெயில் இறங்கத் தொடங்கியது. ஒருமுறை டெய்லரம்மா மாஸ்க்கைப் பைக்குள் வைத்ததும், பட்டனைப் போட ஒரு சின்னக் கை வந்தது. பொடிசு. போட்டுவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தாள். கன்றிய மூக்கை ஒரு விரலால் தொட்டாள். பிறகு தன் தலைப்பட்டையில் கை வைத்தாள். ஒரு பட்டன். இன்னொரு பட்டன். மாஸ்க் சின்னப் பைக்குள் போனது, பை மூடியது.

தம்ளரை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

அழுதால் பிள்ளை மிரளும் என்று டெய்லரம்மா அழவில்லை. "மெதுவா," என்றாள். நான் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தேன். அதையும் பொடிசு வாய் வாயாகக் குடித்தாள். பிறகு சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் தானே பையைத் திறந்து மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை டெய்லரம்மா எல்லோர் முன்னாலும் மேஜையருகே உட்கார்ந்து, திறந்த முகத்தோடு டீ குடித்தாள். பிறகு மூன்றாவதாக ஒரு பை தைத்தாள். தைத்த மாஸ்க் மூட்டையை எடுக்க ஆஸ்பத்திரி வண்டிக்காரர் வந்தபோது, அதை அவர் கையில் கொடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடுங்கண்ணே. ரூம்ல தனியா இருக்கும்போது போன் பண்ணி, மாஸ்க்கை இதுல போட்டு, பட்டனை மாட்டிட்டு, அப்புறம் பேசச் சொல்லுங்க. பட்டன் மாட்டுறதைப் பொண்ணு பார்க்கணும். மறந்துடாதீங்க."

வண்டி கிளம்பியதும் அடுத்த கட்டு எலாஸ்டிக்கைப் பிரித்தாள்.